இங்கிலீஷ் பேசணுமா? நம்ம ஊர் எழுத்தாளரையும் கலைஞரையும் பத்திப் பேச ஆரம்பிங்க

இங்கிலீஷ் கத்துக்க வர்றவங்ககிட்ட ஒரு அஞ்சு நிமிஷம் பேசுங்கன்னு சொன்னா பாதிப்பேரு "மை நேட்டிவ் பிளேஸ் இஸ் கடலூர்" வரைக்கும் வந்து நின்னுடுறாங்க. கிராமர் ஓரளவுக்குத் தெரியும், வார்த்தையும் தெரியும், ஆனா பேச விஷயம் இல்ல. கோர்ஸ் புக்ல இருக்கிறதெல்லாம் ஏர்போர்ட்ல போர்டிங் பாஸ் வாங்குறது, ஓட்டல்ல ரூம் கேக்குறது. திருப்பாப்புலியூர் பஸ் ஸ்டாண்ட்ல இறங்கி வேலைக்குப் போற பொண்ணுக்கு அதுல சொல்றதுக்கு என்ன இருக்கு சொல்லுங்க.

அதனால நான் சொல்ற வழி இதுதான். நீங்க ஏற்கனவே தமிழ்ல படிச்ச, உங்களுக்குப் பிடிச்ச ஒரு எழுத்தாளரை எடுங்க, இல்லன்னா உங்களுக்குத் தெரிஞ்ச ஒரு கலைஞரை எடுங்க. அவங்களைப் பத்தின நெனப்பு உங்க மனசுல தமிழ்ல ரெடியா இருக்கு, இங்கிலீஷை மட்டும் தேடினா போதும். நெனப்பையும் தேடி பாஷையையும் தேடினா யாருக்கா இருந்தாலும் நாக்கு ஒட்டிக்கும்.

கடலூர் பாண்டி பக்கத்துல இருக்கவங்களுக்கு இதுல குறையே கிடையாது. மஞ்சக்குப்பத்துல 1934ல ஜெயகாந்தன் பொறந்தாரு, திருப்பாப்புலியூர்ல 1906ல புதுமைப்பித்தன் பொறந்தாரு. பாண்டியில 1891ல பாரதிதாசன், 1945ல பிரபஞ்சன். பாரதி 1908ல இருந்து 1918 வரைக்கும் பாண்டியிலதான் இருந்தாரு, 1910ல வந்த ஸ்ரீ அரவிந்தர் 1950ல மறையற வரைக்கும் இங்கயே இருந்தாரு. கரிசக்காட்டுல பொறந்த கி.ரா. கூட கடைசிக்காலம் பூரா பாண்டியிலதான் வாழ்ந்தாரு, 2021ல இங்கதான் இறந்தாரு. இவ்வளவு பேரைப் பக்கத்துல வச்சிக்கிட்டு யாரோ எவரோ எழுதுன டயலாக்கை மனப்பாடம் பண்றது எனக்கு மனசே ஆறல.

முதல்ல ஒருத்தரை மட்டும் எடுங்க, ரெண்டு பேர் வேணாம். ஒரு வாரம் பூரா அவரேதான். நெறைய பேர் பண்றது என்னன்னா உடனே "ஹி வாஸ் பார்ன் ஆன்"னு ஆரம்பிச்சு தேதி, அப்பா பேரு, அம்மா பேரு, வாங்குன விருதுன்னு ஸ்கூல் கட்டுரை மாதிரி ஒப்பிக்கிறது. இதை நான் சுத்தமா வேணாம்னு சொல்றேன். பொறந்த தேதியை யாரும் உங்ககிட்ட கேக்கப் போறதில்ல, அந்த மாதிரி பேச்சுல உங்களுக்குன்னு ஒரு வார்த்தை கூட இருக்காது. அதுக்குப் பதிலா நாலே நாலு வாக்கியத்துல அவரை ஊரோட சேத்துச் சொல்லுங்க. உதாரணத்துக்கு பாரதி:

"பாரதி லிவ்டு இன் புதுச்சேரி ஃபார் டென் இயர்ஸ். ஹி கேம் ஹியர் இன் 1908 பிகாஸ் தி பிரிட்டிஷ் வான்ட்டட் டு அரெஸ்ட் ஹிம். ஹி ரோட் சம் ஆஃப் ஹிஸ் பெஸ்ட் போயம்ஸ் ஹியர். வென் ஹி லெஃப்ட் இன் 1918, ஹி வாஸ் அரெஸ்ட்டட் அண்ட் கெப்ட் இன் ஜெயில் இன் கடலூர்."

இந்த நாலு வாக்கியத்துக்குள்ளயே பாதி கிராமர் அடங்கிடுச்சு. இறந்துபோனவரைப் பத்தி பேசுறப்ப "லிவ்டு", "ரோட்"னு நேரா பாஸ்ட் டென்ஸ்ல சொல்லணும், "ஹேஸ் லிவ்டு", "ஹேஸ் ரிட்டன்" வராது. உயிரோட இருந்து இன்னும் எழுதிக்கிட்டு இருக்க எழுத்தாளர்னா "ஷி ஹேஸ் ரிட்டன் ஃபைவ் நாவல்ஸ்" சரி, ஏன்னா ஆறாவது வரலாம். "ஃபார் டென் இயர்ஸ்"னா எவ்வளவு காலம், "இன் 1908"னா எப்போ, "ஃப்ரம் 1908 டு 1918"னா எதுல இருந்து எது வரைக்கும். "சின்ஸ்" போடணும்னா அது இன்னும் நடந்துக்கிட்டு இருக்கணும், அதனால பாரதிக்கு "சின்ஸ்" போடாதீங்க. "வாஸ் அரெஸ்ட்டட்" பாசிவ், புடிச்சது யாருன்னு முக்கியமில்ல, புடிபட்டவர்தான் முக்கியம்ங்கிறப்ப அது வரும்.

அடுத்து அவரோட ஒரு படைப்பு. இங்க மூணு சின்ன சொற்றொடர் தெரிஞ்சா நீங்க எந்த புக்கைப் பத்தியும் பேசிடலாம்: "இஸ் அபவுட்", "இஸ் செட் இன்", "இஸ் பேஸ்டு ஆன்". குயில் பாட்டு எடுத்துக்கங்க. பாரதி அந்தப் பாட்டுலயே சொல்லிடறாரு, பாண்டிக்கு மேற்கால கொஞ்ச தூரத்துல இருக்க ஒரு மாந்தோப்புலதான் கதை நடக்குதுன்னு. அப்ப "இட் இஸ் செட் இன் எ மேங்கோ குரோவ் வெஸ்ட் ஆஃப் புதுச்சேரி". பாஞ்சாலி சபதம் "இஸ் பேஸ்டு ஆன் தி மஹாபாரதா". பிரபஞ்சனோட வானம் வசப்படும், 1995ல சாகித்திய அகாதெமி வாங்குன நாவல், "இஸ் செட் இன் எய்ட்டீன்த் செஞ்சுரி புதுச்சேரி", அதாவது ஆனந்தரங்கப் பிள்ளை காலத்துப் பாண்டி. இதை சொல்லிப்பாருங்க, வாய்ல தானா உக்காந்துடும்.

இப்பதான் முக்கியமான இடம், கதை சொல்றது. இதுக்கு நான் ரொம்ப நேரம் குடுப்பேன், நீங்களும் குடுங்க. இங்கிலீஷ்ல ஒரு புக்கோட கதையைச் சொல்றப்ப பிரசன்ட் டென்ஸ்லதான் சொல்வாங்க, படிக்கிற ஒவ்வொரு தடவையும் அது திரும்ப நடக்குதே, அதனால. "எ மேன் கோஸ் டு எ மேங்கோ குரோவ். ஹி ஹியர்ஸ் எ கோயல் சிங்கிங். ஹி ஃபால்ஸ் இன் லவ் வித் ஹெர். தென் ஹி சீஸ் ஹெர் சிங்கிங் டு எ மங்கி. ஹி இஸ் ஆங்ரி. லேட்டர் ஹி சீஸ் ஹெர் சிங்கிங் டு எ புல்." இவ்வளவுதான், எல்லாம் சின்னச்சின்ன வாக்கியம். இதுல "கோஸ், ஹியர்ஸ், ஃபால்ஸ், சீஸ்" கடைசியில வர்ற அந்த 'ஸ்' சத்தம் இருக்கு பாருங்க, நம்ம ஆளுங்க நூத்துக்குத் தொண்ணூறு பேர் அதை முழுங்கிடுவாங்க. ரூல் படிச்சு அது வராது, கதை சொல்லிச் சொல்லித்தான் வரும், ஏன்னா ஒரு கதையில அம்பது தடவை "ஹி, ஷி" வரும், ஒவ்வொரு தடவையும் அந்த 'ஸ்' போட்டே ஆகணும்.

கடைசியில என்ன ஆகுதுன்னா குயில் முற்பிறவிக் கதை சொல்லி, பொண்ணா மாறி, அப்புறம் பாத்தா எல்லாம் கவிஞர் கண்ட கனவு, முழிச்சுப் பாத்தா சுத்தியும் பழைய புத்தகம், எழுதுகோல், பாய். "இன் தி எண்ட், ஹி வேக்ஸ் அப். இட் வாஸ் ஆல் எ டிரீம்." இங்க மட்டும் "வாஸ்" வந்துடுச்சு பாருங்க, ஏன்னா முழிச்ச நேரத்துக்கு முன்னாடி நடந்தது கனவு. இந்த மாதிரி இடத்தை ஒரு தடவை வாயால சொல்லிட்டா டென்ஸ் எப்படி வேலை செய்யுதுன்னு உடம்புலயே ஏறிடும்.

போன்ல வாய்ஸ் ரெக்கார்டரைப் போட்டு ரெண்டு நிமிஷம் கதை சொல்லுங்க. கேளுங்க. எங்க நின்னீங்க, எங்க "அது வந்து, அது வந்து"ன்னு இழுத்தீங்கன்னு பாருங்க, அந்த இடத்துக்கு வேண்டிய வார்த்தையை மட்டும் டிக்‌ஷனரியில பாருங்க. மொத்தப் பக்கத்துக்கும் வார்த்தை லிஸ்ட் எழுதுறது வேஸ்ட், உங்களுக்குத் தேவைப்பட்ட வார்த்தைதான் உங்களோட தங்கும். மறுநாள் அதே கதையைத் திரும்பச் சொல்லுங்க, வேற கதைக்குத் தாவாதீங்க.

ஜெயகாந்தனை எடுத்தா இன்னொரு லாபம் இருக்கு, இது எனக்கு ரொம்பப் பிடிச்ச பாடம். அக்னிப் பிரவேசம்னு ஒரு சிறுகதை எழுதினாரு, மழையில கார்ல ஏத்திக்கிட்டுப் போன ஒருத்தனால கெட்டுப்போய் வீட்டுக்கு வர்ற பொண்ணை அம்மா தலையில தண்ணி ஊத்தி நீ சுத்தமாயிட்டேடின்னு சொல்லிடுவா. ஊரே ரெண்டுபட்டுப் பேசிச்சு. அப்புறம் அவரே அந்த அம்மா அப்படிச் செய்யாம ஊரைக் கூட்டியிருந்தா என்ன ஆயிருக்கும்னு யோசிச்சு சில நேரங்களில் சில மனிதர்கள் நாவலை எழுதினாரு, அதுக்கு 1972ல சாகித்திய அகாதெமி கெடச்சுது. இப்ப இந்த "செஞ்சிருந்தா, ஆயிருக்கும்" இருக்கே, இதுதான் எல்லாரும் பயப்படுற தேர்டு கண்டிஷனல். "இஃப் தி மதர் ஹேட் கெப்ட் கொயட், தி கேர்ள்ஸ் லைஃப் வுட் ஹேவ் பீன் டிஃபரன்ட்." கிராமர் புக்ல "இஃப் ஐ ஹேட் ஸ்டடிட், ஐ வுட் ஹேவ் பாஸ்டு"ன்னு படிச்சா மண்டையில ஏறாது. அந்த நாவல்ல வர்ற பொண்ணு கங்காவைப் பத்தி யோசிச்சுக்கிட்டே சொன்னா ஏறும், ஏன்னா அந்தக் கேள்விக்கு உங்களுக்கே பதில் தெரியணும்னு இருக்கும். நாலஞ்சு பேர் சேந்து உக்காந்து ஆளுக்கொரு "இஃப்" சொல்லுங்க. அம்மா, அண்ணன், அந்த கார்காரன், ஒவ்வொருத்தருக்கும் ஒரு "இஃப்" உண்டு.

ஒரு சின்ன விஷயம் சொல்லிடறேன், "நல்லா இருந்துச்சு"ங்கிறதுக்கு "நைஸ்", "சூப்பர்" ரெண்டையும் ஒரு மாசத்துக்கு ஒதுக்கி வைங்க. மனசை உருக்குச்சுன்னா "மூவிங்", சிரிப்பா இருந்துச்சுன்னா "ஃபன்னி", கீழ வைக்க முடியலன்னா "கிரிப்பிங்", ஜவ்வு மாதிரி இழுத்துச்சுன்னா "ஸ்லோ". சொன்ன உடனே "பிகாஸ்" போடுங்க, "பிகாஸ்" இல்லாத அபிப்பிராயம் பேச்சை அங்கயே முடிச்சு வச்சிடும். அப்புறம் "ஐ ஆம் போரிங்"னு சொல்லாதீங்க, அது நான் அறுவைன்னு அர்த்தம். புக் "போரிங்", நீங்க "போர்ட்". புக் "இன்ட்ரஸ்டிங்", நீங்க "இன்ட்ரஸ்டட்".

இப்ப கலைஞர்கள் பக்கம் வருவோம். ஓவியத்தைப் பத்திப் பேசுறது கதை சொல்றதுக்கு நேர் எதிர், இங்க "இங்" வேணும். படத்துல நடக்கிறது நம்ம கண்ணு முன்னாடி அப்படியே நிக்குது, அதனால "எ வுமன் இஸ் கேரியிங் எ பாஸ்கெட், டூ பாய்ஸ் ஆர் புல்லிங் எ நெட்". முன்னாடி இருக்கிறது "இன் தி ஃபோர்கிரவுண்ட்", பின்னாடி "இன் தி பேக்கிரவுண்ட்", அப்புறம் "ஆன் தி லெஃப்ட்", "ஆன் தி ரைட்". எதுன்னு உறுதியாத் தெரியலன்னா "இட் லுக்ஸ் லைக்", நமக்கு ஏதோ ஞாபகம் வருதுன்னா "இட் ரிமைண்ட்ஸ் மி ஆஃப்". இதைப் பழக ஆர்ட் கேலரிக்குத்தான் போகணும்னு இல்ல, உங்க வீட்டுச் சுவத்துல தொங்குற காலண்டர் படம் போதும். பென்சில்ல போட்டா "டிரா", கலர் தொட்டுப் போட்டா "பெயிண்ட்", கல்லுலயோ மரத்துலயோ செதுக்குனா "கார்வ்", பாட்டுக்கு மெட்டுப் போட்டா "கம்போஸ்". யார் பண்ணாங்கன்னு சொல்ல "பை" ஒண்ணே எல்லாத்துக்கும் போதும், "எ பெயிண்டிங் பை", "எ நாவல் பை", "எ ஃபிலிம் பை".

பாண்டியில கைவேலை பண்றவங்க, அவங்க பிள்ளைங்க இதைப் படிச்சா உங்களுக்குத்தான் இது ரொம்ப உதவும். வில்லியனூர் சுடுமண் பொம்மைக்கும் திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மைக்கும் புவிசார் குறியீடு இருக்கு, வெளிநாட்டு ஆளுங்க தேடி வந்து கேக்குறாங்க, ஆனா எப்படிச் செய்றீங்கன்னு கேட்டா நம்ம பிள்ளைங்க சிரிச்சுட்டு விலையை மட்டும் சொல்றாங்க. அது எனக்கு வருத்தமா இருக்கும். அவ்வளவு வேலை தெரிஞ்ச கை, வாய் மட்டும் ஏன் மூடியிருக்கணும்.

வில்லியனூர்ப் பக்கம் ஒரு பொண்ணுக்கு இப்படித்தான் பண்ணோம். நோட்டு, பேனா ஒண்ணும் எடுக்கல. மண்ணைப் பெசைய உக்காந்துச்சு, கை என்ன பண்ணுதோ அதை மட்டும் வாய் சொல்லணும், அவ்வளவுதான் ரூல். "ஐ மிக்ஸ் தி க்ளே வித் வாட்டர். ஐ நீட் இட். ஐ ஷேப் இட் வித் மை ஃபிங்கர்ஸ்." பெசையறதுக்கு "நீட்"னு (knead, வேணும்ங்கிற "நீட்" இல்ல) ஒரு வார்த்தை இருக்குன்னு அதுக்கு அப்பதான் தெரியும், சப்பாத்தி மாவுக்கும் அதே வார்த்தைதான்னு சொன்னதும் டக்குனு புடிச்சுக்கிச்சு. ஒரு மீன் பொம்மை. செதிலுக்கு கட்டைவெரல் நகத்தை வச்சு வரிசையா அழுத்திக்கிட்டே போச்சு, ஒவ்வொரு அழுத்துக்கும் ஒரு பிறை விழுது. அதுக்கு என்ன சொல்றதுன்னு என்னைப் பாத்துச்சு, நான் சொல்லல, கொஞ்சம் யோசிச்சு அதுவே "ஐ பிரெஸ் மை நெயில், தி ஸ்கேல்ஸ் கம்"னுச்சு. அதைவிட நல்லா யார் சொல்ல முடியும். அப்புறம் "ஐ டிரை இட் இன் தி ஷேட்", கடைசியில சூளை, "வீ ஃபயர் இட் இன் எ கில்ன்". சுடுறதுக்கு "பர்ன்"னு சொல்லிடாதீங்க, பர்ன்னா கருகிப்போச்சு.

இதையே அட்டையில எழுதி பொம்மை பக்கத்துல வைக்கணும்னா "ஐ, வீ" எல்லாம் எடுத்துட்டு பாசிவா மாத்திக்கங்க: "தி க்ளே இஸ் ஷேப்டு பை ஹேண்ட், டிரைடு இன் தி ஷேட் அண்ட் ஃபயர்டு இன் எ கில்ன்." பேசுறப்ப "ஐ", எழுதுறப்ப பாசிவ். வாங்க வந்தவருக்கு உங்க கை தெரியணும்னா பேசுறப்ப கண்டிப்பா "ஐ"தான்.

நீங்க கேள்வி கேக்குற பக்கம் இருந்தீங்கன்னா, உதாரணத்துக்கு அரியாங்குப்பம் பாரதியார் பல்கலைக்கூடத்துல படிக்கிற ஒரு ஓவிய மாணவரைப் பாக்குறீங்க, இல்ல புத்தகக் கண்காட்சியில ஒரு எழுத்தாளரைப் பாக்குறீங்க, அவங்ககிட்ட "ஹௌ மெனி டேஸ்"னு மொட்டையா கேக்க வேணாம். "ஹௌ லாங் டிட் இட் டேக்?"னு கேளுங்க. "வாட் ஆர் யு ஒர்க்கிங் ஆன் நௌ?"ங்கிறது எந்தக் கலைஞர்கிட்ட கேட்டாலும் முகம் மலர்ற கேள்வி. மரியாதையா கேக்கணும்னா "குட் யு டெல் மீ ஹௌ யு மேட் திஸ்?", இங்க நடுவுல "டிட்" வராது, "ஹௌ டிட் யு மேட்"னு சொல்றதுதான் நம்ம பக்கம் அடிக்கடி கேக்குற தப்பு. தமிழ்க் கலைஞர்கிட்ட தமிழ்லயே பேசுங்க, அதுதான் மரியாதை, வீட்டுக்கு வந்து அந்தப் பேச்சை இங்கிலீஷ்ல திருப்பிச் சொல்லிப் பாருங்க: "ஷி டோல்டு மீ தட் ஷி ஹேட் லேர்ன்ட் இட் ஃப்ரம் ஹெர் ஃபாதர்." ரிப்போர்ட்டட் ஸ்பீச் இப்படித்தான் பழகணும். "டோல்டு"க்குப் பின்னாடி யார்கிட்டன்னு ஒரு ஆள் வரணும், ஆள் இல்லன்னா "செட்" (said).

எழுத்தாளர் எப்படி வேலை செஞ்சாருங்கிறதைப் பேசவும் கொஞ்சம் வார்த்தை வேணும். முதல் தடவை எழுதுறது "டிராஃப்ட்", திருத்தி எழுதுறது "ரிவைஸ்", வெளியிடறது "பப்ளிஷ்". ஸ்ரீ அரவிந்தர் சாவித்ரிங்கிற காவியத்தை நேரா இங்கிலீஷ்லயே எழுதினாரு, கிட்டத்தட்ட 24,000 வரி, கடைசிக்காலம் வரைக்கும் திருத்திக்கிட்டே இருந்தாரு. "ஹி கெப்ட் ரிவைசிங் இட் ஃபார் மெனி இயர்ஸ்." செஞ்சுக்கிட்டே இருந்தாருங்கிறதுக்கு "கெப்ட்" போட்டு "இங்" சேக்கணும், ரொம்ப உபயோகமான வாக்கிய அமைப்பு. ஆனா இங்கிலீஷ் பழக சாவித்ரியைக் கையில எடுக்காதீங்க, ஆரம்பத்துல அது மலை. மொதல்ல ஆர்.கே. நாராயண் சிறுகதைங்க, வாக்கியம் சின்னது, ஊரு நம்ம ஊரு மாதிரியே இருக்கும், அகராதியைத் தொடாமலே பாதிக்கு மேல புரியும்.

அதுக்கு அடுத்த படி மொழிபெயர்ப்பு, இதுதான் எல்லாத்தையும் விட வேகமா முன்னேத்துற வழின்னு நான் நம்புறேன். புதுமைப்பித்தன் கதைங்க இங்கிலீஷ்ல வந்திருக்கு, லட்சுமி ஹோம்ஸ்ட்ரோம் பண்ணது. குறுந்தொகையில இருந்து எடுத்த பாட்டுங்களை ஏ.கே. ராமானுஜன் 1967லயே இங்கிலீஷ் பண்ணியிருக்காரு. தமிழ்ல ஒரு பக்கம் படிங்க, மூடி வச்சிட்டு நீங்களே இங்கிலீஷ்ல சொல்லி ரெக்கார்ட் பண்ணுங்க, அதுக்கு அப்புறம்தான் மொழிபெயர்ப்பைத் திறக்கணும். முன்னாடியே பாத்துட்டா பிரயோஜனம் இல்ல. கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும் கதையில கடவுள் மெட்ராஸுக்கு வந்து பிள்ளையைப் பாக்குறாரு, பிள்ளை அவர்கிட்டயே தன் பத்திரிகைக்கு சந்தா கேக்குறாரு. அந்தப் பேச்சுல இருக்க குத்தலை நீங்க எப்படிச் சொன்னீங்க, மொழிபெயர்த்தவங்க எப்படிச் சொன்னாங்கன்னு பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. சில இடத்துல உங்களுதே நல்லா இருக்கும், நெசமாத்தான் சொல்றேன், ஏன்னா தமிழ் உங்களுக்கு உள்ளுக்குள்ள கேக்குது. குறுந்தொகை இன்னும் வசதி, ஒவ்வொண்ணும் நாலுல இருந்து எட்டு அடிதான், பஸ்ல கடலூர்ல ஏறி பாண்டி போறதுக்குள்ள ஒரு பாட்டை முடிச்சிடலாம்.

எங்க உக்காந்து பண்றதுன்னு கேட்டா, பாண்டியில ரோமன் ரோலண்ட் நூலகம் இருக்கு, 1827ல ஆரம்பிச்சது. ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெருவுல பாரதி இருந்த வீடு, பெருமாள் கோயில் தெருவுல பாரதிதாசன் வீடு, ரெண்டும் நினைவிடமா இருக்கு. போய்ப் பாத்துட்டு வெளிய வந்து பாரதி பூங்காவுல ஒரு பெஞ்ச்ல உக்காந்து, பாத்ததை இங்கிலீஷ்ல சொல்லுங்க, பாத்தது முடிஞ்சுபோச்சு அதனால பாஸ்ட் டென்ஸ்: "ஐ சா ஹிஸ் ஃபோட்டோஸ், ஐ ரெட் எ லெட்டர்." கடலூர்க்காரங்க தேவனாம்பட்டினம் பீச்சுக்கு சாயங்காலம் ரெண்டு பேரா போங்க, ஒருத்தர் கதை சொல்லணும், இன்னொருத்தர் "ஒய்?", "தென் வாட்?"னு மட்டும் கேக்கணும். தப்பைத் திருத்துறது அப்ப வேணாம், பேச்சு முடியட்டும். திரும்பி நடந்து வர்றப்ப ரெண்டே ரெண்டு தப்பை எடுத்துப் பேசுங்க, அதுக்கு மேல வேணாம், மத்ததை அடுத்த கதையில பாத்துக்கலாம்.